விளக்கத்தகு இயந்திரக் கற்றல்

விளக்கத்தகு இயந்திரக் கற்றல் என்பது, ஒரு கணினி மாதிரி எவ்வாறு முடிவை எட்டியது என்பதை மனிதர் புரிந்து சரிபார்க்கும் வகையில் மாதிரிகளை அமைக்கும் துறை ஆகும். மருத்துவம், கடன் வழங்கல், நீதித்துறை போன்றவற்றில் இது முக்கியத்துவம் பெறுகின்றது.

பெருந்தரவும் பிழையும்

தரவின் அளவு கூடும்போது தற்செயற் பிழை குறையும். எடுத்துக்காட்டாக, சராசரியின் நியமப் பிழை பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதத்தில் அமையும். பதிவுகள் 100 மடங்கானால் பிழை 10-இல் ஒரு பங்காகும். ஆனால், தரவு உருவான சூழலிலிருந்து வரும் முறைசார் பிழை இவ்வாறு குறைவதில்லை. அத்தகைய பதிவுகள் பெருகினால் தவறான விடையே மேலும் உறுதியாகக் கிடைக்கும்.

நிமோனியா ஆய்வு

1990களில் ஐக்கிய அமெரிக்காவில், நிமோனியா நோயாளிகளுள் இறப்பு வாய்ப்பு மிகுந்தோரை மருத்துவமனையில் சேர்க்கவும், ஏனையோரைப் புறநோயாளிகளாகக் கவனிக்கவும் உதவும் மாதிரிகள் ஆராயப்பட்டன. செயற்கை நரம்பணுப் பிணையம் மிகத் துல்லியமாகக் கணித்தது. ஆனால் அதே தரவில் பயிற்றப்பட்ட, விதிகளாக வாசிக்கத்தக்க மற்றொரு மாதிரி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இறப்பு வாய்ப்பு குறைவு என்னும் விதியைக் கற்றிருந்தது.

தரவில் அத்தொடர்பு உண்மையாகவே இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் நேரடியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். அக்கவனிப்பே இறப்பைக் குறைத்தது. அவ்விதியைப் பின்பற்றினால், பெரும் ஆபத்தில் உள்ளவர்களே வீட்டுக்கு அனுப்பப்படுவர். சோதனைத் தரவிலும் இதே போக்கு இருந்தமையால், துல்லியத்தை அளப்பதால் மட்டும் இப்பிழை வெளிப்படாது. நரம்பணுப் பிணையத்திலும் இத்தகைய பிழைகள் மறைந்திருக்கலாம் என்பதால், அது நோயாளிகளிடம் பயன்படுத்தப்படவில்லை.

கூட்டல் மாதிரிகள்

பொதுமைப்படுத்திய கூட்டல் மாதிரியை 1986 இல் டிரெவர் ஹேஸ்டி, ராபர்ட் டிப்ஷிரானி ஆகியோர் முன்வைத்தனர். இதில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு தனிச் சார்பு உண்டு. அச்சார்புகளின் கூட்டுத்தொகை முடிவைத் தீர்மானிக்கும். எனவே ஒவ்வொரு மாறியின் பங்கையும் தனி வரைபடமாகக் காணலாம்.

2015 இல் ரிச் கருவானாவும் பிறரும், மாறி இணைகளின் பங்கையும் சேர்த்து விரிவாக்கிய இவ்வகை மாதிரியை 14,199 நிமோனியா நோயாளிகளின் தரவில் பயன்படுத்தினர். ஆஸ்துமா பற்றிய பிழை வெளிப்படையாகத் தெரிந்தது. மருத்துவர் அப்பகுதியை மட்டும் திருத்தவும் இயலும். மாறாக, பயிற்சிக்கு முன்பே ஆஸ்துமா மாறியை நீக்கினால், அதனோடு தொடர்புடைய பிற மாறிகள் அதே பிழையை ஏற்றுக்கொள்ளக்கூடும்.

வரம்புகள்

மாதிரி விளங்குவதால் மட்டும் அது காட்டும் தொடர்பு காரணம் ஆகிவிடாது. பிழையை இனங்காண, துறை அறிந்தவர் அதனை வாசித்தல் வேண்டும். மேலும், படப்புள்ளிகள் தனித்தனியே பொருள் தராமையால், படங்களை இனங்காணும் பணிக்குக் கூட்டல் மாதிரிகள் பொருந்துவதில்லை.