கூலி 17 ரூபாய் ஏறியது, குழியும் பெரிதாகுமா?

2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாயிலிருந்து 336 ஆனது. அறிவிப்பு வந்ததிலிருந்து கோவளம், திருப்போரூர் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: “கூலி ஏறினால் வேலையும் கூடுமா?”

கூடக் கூடாது என்கிறது நூறு நாள் வேலைச் சட்டம். ஆனால் கூடுவதற்கு வழி இருக்கிறது.

336 ரூபாய் என்பது வந்து நின்றாலே கைக்கு வரும் தொகை அல்ல. மண் வேலையில், வெட்டிய மண்ணை அளந்து கன மீட்டருக்கு இவ்வளவு என்று போட்டுத்தான் கூலி. ஒரு மணி நேர ஓய்வு உட்பட எட்டு மணி நேரம் உழைப்பவர் முழுக்கூலியும் பெறும்படி அந்த விலைப்பட்டியல் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் முதல் அட்டவணை. கூலியை அறிவிப்பது மத்திய அரசு. பட்டியலைத் திருத்த வேண்டியது மாநில அரசு. முன்னது ஏறி பின்னது தாமதித்தால், இடைவெளியை அடைப்பது தொழிலாளியின் மண்வெட்டிதான்.

கணக்குக்காக, கன மீட்டருக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் குழு ஒரு நாளில் 8 கன மீட்டர் வெட்டினால் ஆளுக்கு 320 ரூபாய். பழைய முழுக்கூலி கிடைத்துவிடும். விலை மாறாமல் கூலி மட்டும் 336 ஆனால், 8.4 கன மீட்டர் வெட்ட வேண்டும். கூடுதலாக வருவது அரை டன்னுக்கு மேற்பட்ட மண். வெட்ட முடியாவிட்டால் அதே 320தான்; உயர்வு காகிதத்தோடு நின்றுவிடும். “விலைவாசிக்கேற்ற உயர்வு” என்ற அறிவிப்பை நான் இதனால்தான் அப்படியே ஏற்பதில்லை.

கடலோரத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். மணலில் குழி வெட்ட வெட்ட ஓரம் சரிகிறது. காலையில் வாரிய இடத்தையே மதியம் மறுபடி வார வேண்டும். டேப் வைத்து அளப்பதோ கடைசியில் நிற்கும் குழியை மட்டும். பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி விலைப்பட்டியல் வேண்டும் என்று அதே அட்டவணை சொல்கிறது. வயதான பெண்கள் நிறைந்த குழுக்களுக்கு இதைவிட முக்கியமான வரி அந்தச் சட்டத்தில் இல்லை.

அமெரிக்காவில் உணவு உதவி பெறும் சிலருக்கு விதிக்கப்படும் பொதுவேலையில் கணக்கு நேர்மாறு. உதவித்தொகையைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்து வேலை நேரத்தை முடிவு செய்கிறார்கள். கூலி ஏறினால் நேரம் தானாகவே குறையும். யாரும் பட்டியல் திருத்தக் காத்திருக்க வேண்டாம்.

மற்ற கேள்விகள்:

2025 மார்ச் மாத வேலைக்குப் புதுக் கூலி உண்டா? இல்லை.

பணித்தளத்தில் கைபேசிச் செயலியில் இருமுறை படம் எடுப்பது எதற்கு? வருகைப் பதிவுக்கு. மண்ணின் அளவு தனிக்கணக்கு.

கூலி தாமதமானால்? 15 நாளில் வந்திருக்க வேண்டும். 16ஆம் நாளுக்குப் பிறகு, வராத கூலியில் தினம் 0.05 சதவீதம் இழப்பீடு உண்டு. தமிழ்நாட்டுக்கு மத்திய அரசின் நிலுவை 4,034 கோடி ரூபாய் என்றது மாநில அரசு, 2025 மார்ச்சில்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மண்வெட்டியைத் தொடும் முன், “ஆளுக்கு எத்தனை கன மீட்டர், எந்த ஆண்டுப் பட்டியல்?” என்று பணித்தளப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அளவெடுக்கும்போது குழுவிலிருந்து ஒருவராவது கூடவே நில்லுங்கள்.