ஒரே நாளில் தடை! பாரிசில் பரிசு! - கிரேக்க நாட்டைக் கலக்கிய நாடக ஆசான்

1959-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்சில் ஒரு நாடகம் நடந்தது. நாடகத்தின் பெயர் "பறவைகள்". அந்த ஒரு நாளோடு சரி! மேற்கொண்டு நடத்தக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டு விட்டது.

இத்தனைக்கும் அது புது நாடகம் அல்ல. கி.மு. 414-ல் அரிஸ்டோபனிஸ் என்ற கவிஞர் எழுதிய சிரிப்பு நாடகம்.

அதை மேடை ஏற்றியவர் கரோலோஸ் கூன். நாடக இயக்குநர், நடிப்பு சொல்லிக் கொடுத்த ஆசிரியர்.

பள்ளிக்கூட வாத்தியார்

கூன் 1908-ல் துருக்கியில் உள்ள புர்சா நகரில் பிறந்தார். 1929-ல் ஏதென்சுக்கு வந்து, ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஆனார். மாணவர்களுக்கு வேடம் போட்டு, பழைய கிரேக்க நாடகங்களை நடத்தினார். நாடகப் பைத்தியம் அங்கேதான் முற்றியது.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஜெர்மன் படைகள் ஏதென்சுக்குள் புகுந்தன. 1941-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் கொடிய பஞ்சம். தெருவிலே மக்கள் பசியால் செத்து விழுந்தார்கள்.

அந்தச் சமயத்தில், 1942-ல், கூன் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார்! "கலை அரங்கம்" என்று பெயர். கூடவே ஒரு நடிப்புப் பள்ளியும் வைத்தார். ஒரே ஒரு நட்சத்திர நடிகரை நம்பி நாடகம் போடக் கூடாது, எல்லோரும் ஒரு குடும்பம் போல உழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரிடம் படித்த மாணவர்களே குழுவின் நடிகர்கள் ஆனார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு, பணக் கஷ்டத்தால் குழு சில ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 1954-ல் ஒரு கட்டடத்தின் நிலவறையில் மீண்டும் திறந்தார். அங்கே உயரமான மேடை கிடையாது. நடுவில் நடிகர்கள், சுற்றிலும் ஜனங்கள்!

சண்டை எதற்கு?

"பறவைகள்" கதை இதுதான்: வழக்கும் வம்பும் நிறைந்த ஊர் வாழ்க்கை வெறுத்துப் போய், இரண்டு பேர் பறவைகளிடம் போகிறார்கள். ஆகாயத்தில் ஒரு நகரம் கட்டச் சொல்கிறார்கள். அங்கே ஒரு பூசாரி வந்து பூசை செய்கிறார்.

அந்தப் பூசாரியை, இந்தக் காலத்துப் பாதிரியார் போலக் காட்டினார் கூன். கிரேக்க தேவாலயங்களில் ஜெபம் பாடுகிற ராகத்திலேயே அவரைப் பாடவும் வைத்தார். சபையில் ஒரே கூச்சல்! "மதத்தைக் கேலி செய்கிறார்", "முன்னோர் தந்த நாடகத்தைக் கெடுத்து விட்டார்" என்று பலர் கொதித்தார்கள். மந்திரி கான்ஸ்டன்டினோஸ் சாட்சோஸ், மீதி நாடகங்களை ரத்து செய்தார்.

கூனின் எண்ணம் வேறு. அரிஸ்டோபனிஸ் தன் காலத்துப் பெரிய மனிதர்களைக் கேலி செய்தவர். அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிட்டால் போதுமா? கடைத்தெருவில் நிற்கிற இன்றைய கிரேக்கனும் தன்னை மறந்து சிரிக்க வேண்டாமா?

மனம் புண்பட்டவர்களின் வருத்தத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கூன் நாடகத்தைக் கைவிடவில்லை. திருத்திச் செப்பனிட்டு, 1962-ல் பாரிசில் நடந்த உலக நாடக விழாவுக்குக் கொண்டு போனார். முதல் பரிசு கிடைத்தது! பிறகு லண்டன் மக்களும் பார்த்து ரசித்தார்கள்.

அவர் நடிக்க வைத்தவர்களில் ஒருவர் மெலினா மெர்க்கூரி. 1949-ல் கூனின் நாடகத்தில் கதாநாயகியாக நடித்த இந்த அம்மையார், 1981-ல் கிரேக்க நாட்டின் கலாசார மந்திரி ஆனார்.

1975-ல் ஓர் அதிசயம்! எபிடாரஸ் என்ற ஊரில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கல் அரங்கில் "பறவைகள்" நடந்தது. தடை போட்ட சாட்சோஸ் ஜனாதிபதி ஆனதும் அதே ஆண்டில்தான்!

கூன் 1987-ல் காலமானார். அவர் பஞ்ச காலத்தில் தொடங்கிய கலை அரங்கம், அவருக்குப் பிறகும் நாடகம் நடத்தி வந்தது.