தாய்வழிச் சங்கீதம் – 9: தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமை

தஞ்சாவூரில் ஆடிப் பெயர் வாங்கிய காமாட்சியையும், சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்ட அவர் மகள் சுந்தரம்மாளையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சுந்தரம்மாளுக்கு 1867இல் சென்னையில் பிறந்த மகள்தான் வீணை தனம்மாள். அவரை மாபெரும் வைணிகர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கே காது கொடுத்த பாட்டி என்றும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வாசிப்பார். பெரிய வித்வான்களே வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். மீட்டி மாட்டிக்கொள்ளாமல் வெறும் விரலாலேயே மீட்டுவதால் நாதம் சன்னமாக இருக்கும். ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த ஒலி அடங்குவதற்குள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டு வருவதுதான் வீணையின் சூட்சுமம். பக்கத்தில் யாராவது பேசினால் அது காதில் விழாது. அதனால் கூடத்தில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. வாசிப்போடு சேர்ந்து அவரே பாடவும் செய்வார்.

க்ஷேத்ரக்ஞர் பதங்களை அவர் கற்றது வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸிடம். குருவுக்குக் கண் பார்வை கிடையாது. பிற்காலத்தில் தனம்மாளுக்கும் பார்வை போயிற்று. பதம் என்பது அவசரப்படாத பாட்டு. ஒரு சொல்லிலேயே ராகம் முழுவதும் தெரிய வேண்டும். அப்படிப் பாட மனசில் நிதானம் வேண்டும். அந்த நிதானத்தைத்தான் அவர் வீட்டுப் பெண்களுக்குச் சொத்தாக விட்டுப்போனார்.

ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என்று நான்கு பெண்கள். காமாட்சியின் மகள்கள்தான் பிருந்தாவும் முக்தாவும். லயத்தில் புலியான காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் அவர்கள் பாடம் கற்றார்கள். பாட்டி வீட்டுப் பாணிக்கும் அவர் பாணிக்கும் வெகுதூரம். ஆனாலும் வீட்டுப் பதங்கள் அவர்கள் குரலில் அப்படியே நின்றன. ஜயம்மாளின் மகள் பாலசரஸ்வதி. 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது ஏழு. சதிராட்டத்துக்கு எதிராக ஊரில் குரல் வலுத்துவந்த நேரம் அது. பிற்காலத்தில் மகள் ஆட, அம்மா ஜயம்மாள் பாடினார். பாலாவின் தம்பிகள் ரங்கநாதனின் மிருதங்கமும் விஸ்வநாதனின் புல்லாங்குழலும் அமெரிக்கா வரைக்கும் போயின.

இந்தப் பெண்களின் பாட்டை ரசித்த அதே சமூகம்தான் அவர்கள் பிறந்த குலத்தை இழிவாகப் பேசியது. அந்தப் பேச்சுக்கு நடுவே, பணக் கஷ்டத்துக்கும் நடுவே, சங்கீதத்தின் தரத்தில் ஓர் இம்மி குறையாமல் வீட்டைத் தலைமையேற்று நடத்தியவர் தனம்மாள். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

1932இல் கொலம்பியா கம்பெனி பதிவு செய்த அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. 1938 அக்டோபரில் அவர் காலமானார். 1973இல் பாலசரஸ்வதிக்கும், 1976இல் பிருந்தாவுக்கும் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் தந்தது. வெள்ளிக்கிழமைகளில் பாட்டி வாசிக்கக் கேட்டு வளர்ந்த பேத்திகள் இருவரும்.

அந்தப் பதங்களைத் தன்னிடம் கற்க வந்தவர்களுக்கு பிருந்தா எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)