22 இன்னிங்ஸின் விலை

இந்த வார எபிசோடில் டெட்லைன் நெருக்கடியில் எடுக்கிற முடிவுகளைப் பற்றிப் பேசினோம். நேரம் இல்லாமல் விட்டுப்போன பேஸ்பால் கதை ஒன்று இங்கே. ஹியூஸ்டன் பக்கம் வளர்ந்தவங்களுக்குப் பாதி தெரிஞ்சிருக்கும்.

1990 ஆகஸ்ட் 30. டிவிஷனை ஜெயிக்கப் போராடிக்கொண்டிருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு அவசரமாக ஒரு ரிலீஃப் பிட்சர் வேணும். ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸிடமிருந்து 37 வயது லாரி ஆண்டர்சனை வாங்கினார்கள். பதிலுக்குக் கொடுத்தது டபுள்-ஏ லெவலில் ஆடிக்கொண்டிருந்த 22 வயது ஜெஃப் பேக்வெல்லை. அவர் பிறந்ததே பாஸ்டனில்தான்!

ஏன் விட்டாங்க? அவர் ஆடிய தேர்ட் பேஸில் ஏற்கனவே வேட் பாக்ஸ் இருந்தார். பேக்வெல்லின் ஆவரேஜ் .333, ஆனால் அந்த சீசன் முழுக்க ஹோம் ரன் வெறும் 4. அதே ஷீட்டில் 34 டபுள்ஸும் இருந்தது.

ஆண்டர்சன் ஏமாற்றவில்லை. 15 ஆட்டம், 22 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ 1.23. பாஸ்டன் 2 கேம் வித்தியாசத்தில் டிவிஷனை ஜெயித்தது. பிளேஆஃபில் அப்போ நம்ம பே ஏரியா டீமாக இருந்த ஓக்லண்ட் 4-0 என்று துடைத்து அனுப்பியது. சீசன் முடிந்ததும் ஆண்டர்சன் சான் டியேகோவுக்குப் போயிட்டார்.

பேக்வெல்லை ஆஸ்ட்ரோஸ் ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாற்றியது. 1991-இல் ரூக்கி ஆஃப் தி இயர். 1994-இல் ஸ்ட்ரைக்கால் பாதியில் நின்ற சீசனிலேயே .368, 39 ஹோம் ரன்; ஒருமனதாக எம்.வி.பி. 15 சீசனும் ஹியூஸ்டனிலேயே ஆடி, மொத்தம் 449 ஹோம் ரன். 2017-இல் ஹால் ஆஃப் ஃபேம்.

பாஸ்டனை முட்டாள்னு சொல்றது ஈஸி. எனக்கு அப்படித் தோணலை. அவங்க தேவையைச் சரியாத்தான் கணக்குப் போட்டாங்க. விலையைத்தான் சரியாப் பார்க்கலை.

நம்ம டீம்களிலும் இது நடக்குது. இந்த குவார்ட்டர் டெமோவுக்காக, ஒருத்தர் ரெண்டு வருஷமா கட்டிட்டு வர்ற டூலை நிறுத்திட்டு ஆளை மாத்துவோம். டெமோ பிரமாதமா போகும், எல்லாரும் கை தட்டுவாங்க. அந்தக் கைதட்டல்ல, எதைக் கொடுத்துட்டு இதை வாங்கினோம்னு யாரும் கேக்க மாட்டாங்க. தோத்திருந்தா உடனே கேட்டிருப்போம்.

அடுத்த தடவை அவசரமா ஒரு ஆண்டர்சன் வேணும்னா தாராளமா வாங்குங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, கொடுக்கிற ஆளோட ஷீட்டை மட்டும் கடைசி வரி வரைக்கும் படிச்சுடுங்க.