செங்குழியமும் இரும்புச் சிக்கனமும்

இலங்கையின் கொத்மலைச் சரிவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் என்பு மச்சையில் நொடிதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியங்கள் பிறக்கின்றன. முதிரும்போது ஒவ்வொன்றும் தன் கருவை உதிர்த்துவிட்டு, அகம் முழுவதையும் ஈமோகுளோபினுக்கே ஒப்படைக்கிறது. ஒரு குழியத்தில் அம்மூலக்கூறுகள் 27 கோடி அளவில் உள்ளன. மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு இரும்பணுக்கள். உயிர்வளி வந்து அமர்வது அவற்றின்மீதே. கரு இன்மையால் தன்னைப் புதுப்பிக்க இயலாத குழியம் 120 நாளில் மூப்பெய்துகிறது.

வியப்பு அதன்பின்னரே தொடங்குகிறது. மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள விழுங்கு குழியங்கள் மூத்தவற்றை உட்கொண்டு, இரும்பைப் பிரித்து, திரான்சுபெரின் என்னும் புரதத்தில் ஏற்றி மீண்டும் மச்சைக்கு அனுப்புகின்றன. நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இவ்வாறு சுழல்கிறது. உணவிலிருந்து குடல் ஏற்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராமே. மிகுந்த இரும்பை வேண்டும்போது வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. ஆகவே காவல் முழுதும் நுழைவாயிலில்தான்: சேமிப்பு நிறைந்தால் ஈரல் எப்சிடின் என்னும் இயக்குநீரை மிகச் சுரந்து வாயிலை அடைக்கும், குறைந்தால் சுரப்பு தளரும்.

இத்துணைச் சிக்கனமான அமைப்பைக் குலைக்கச் சிறு கசிவே போதும். மாதவிடாயும் மகப்பேறும் இயல்பானவை. மலையகத்தில் கொக்கிப்புழுவும் சேர்ந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களில் கழிப்பிடம் அரிதாயிருந்த காலத்தில், ஈரமண்ணில் வளர்ந்த இளம்புழுக்கள் வெறுங்காலைத் துளைத்து, நுரையீரல் வழியாகச் சிறுகுடலை அடைந்தன. அமெரிக்கக் கொக்கிப்புழு ஒன்றால் நாளொன்றுக்குப் போகும் குருதி 0.03 மில்லிலீற்றர் அளவே. நூறு புழுக்கள் இருந்தால், குடல் அன்றாடம் ஈட்டும் இரும்பு ஏறத்தாழ முழுதும் போயிற்று. குருதிச்சோகை அடுத்து வரும்.

1916இல் ராக்பெல்லர் அறநிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் புழுவொழிப்பைத் தொடங்கியது. மருந்து புழுவை வீழ்த்திற்று. மண் அதனை மீண்டும் தந்தது. கழிப்பிடம் கட்டத் தோட்டத் துரைமார் தயங்கியவரை வேறெவ்விளைவை எதிர்பார்ப்பது?

புழு குறைந்தபின்னும் தேநீர் இருக்கிறது. அதன் பாலிபீனோல்கள் தானியம், கீரை ஆகியவற்றின் இரும்பைக் குடலிலேயே பிணைத்துவிடுகின்றன. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பேற்பு பெரிதும் குறைவதை 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் காட்டினர். கோதுமை ரொட்டியும் சாயத்தண்ணியும் காலையுணவாகும் தோட்டத்துக்கு இது நேரடிச் செய்தி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஈம் இரும்பை இத்தடை அவ்வளவாகத் தீண்டுவதில்லை; ஆயின் அவை நாள்தோறும் வாங்கும் விலையிலா உள்ளன? உண்டு ஒரு மணிநேரம் கழித்துத் தேநீர் அருந்தினால் தடை பெருமளவு தளரும். கீரையில் பிழியும் தேசிக்காய்ச் சாறு, அதன் இரும்பைக் குடல் ஏற்கும் வடிவில் வைத்திருக்கும்.