மருந்து முடிந்த பிறகும் வளையும் முதுகு

கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குழந்தை குனிய மறுக்கிறதா? முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து எடுக்கிறதா? நல்ல தூக்கத்தில் வீறிட்டு அழுகிறதா? சுளுக்கு என்று தைலம் தேய்க்கும் முன் முதுகெலும்புக் காசநோயையும் ஒருமுறை நினைக்க வேண்டும்.

லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் எழுதிவைத்த நோய் இது. கிருமி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து ரத்தத்தின் வழியே வந்து, முள்ளெலும்பின் முன்பகுதியை அரிக்கும். அங்கே சேரும் சீழ் தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் தளரும்.

1956இல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் முன்பக்கமாகத் திறந்து, கெட்ட எலும்பை அகற்றி, மாற்று எலும்பு பொருத்தும் முறையை வெளியிட்டார்கள். அப்படியானால் எல்லோருக்கும் கத்தி தேவையா? சென்னையில் நடந்த ஆய்வு, பெரும்பாலானோருக்கு மருந்தே போதும் என்று காட்டியது. நோயாளிகள் நடமாடிக்கொண்டே குணமானார்கள். கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, மருந்துக்கு நோய் மசியாவிட்டாலோ, எலும்பு நிலைகுலைந்தாலோதான் அறுவை.

ஆனால் குழந்தை வளர்கிற உடல். முன்பக்க எலும்பு அழிந்து வளர்ச்சி நின்றுபோக, பின்பக்கம் வளர்ந்துகொண்டே இருந்தால் கூன் கூடத்தானே செய்யும்? கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டார். நோய் ஆறிய பிறகு சுமார் 44 சதவீதத்தினருக்கு வளைவு தானாகவே குறைந்தது. 39 சதவீதத்தினருக்கு மேலும் கூடியது. இந்த இரண்டாவது கூட்டத்தை முன்கூட்டியே அடையாளம் காண எக்ஸ்ரேயில் நான்கு அறிகுறிகளை அவர் சொன்னார்: பின்மூட்டுகள் விலகுவது, எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவது, பக்கவாட்டில் நகர்வது, மேலெலும்பு முன்னே கவிழ்வது. இவற்றில் இரண்டுக்கு மேல் தென்பட்டால் கூன் கடுமையாகும். அந்தக் குழந்தைக்குத் திருகாணியும் கம்பியும் வைத்து முதுகைச் சீக்கிரமே நிலைப்படுத்துவது நல்லது.

கிருமி போய்விட்டது என்று சான்று கொடுத்து அனுப்பிவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. வளர்ச்சி முடியும்வரை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தவறவிட்டு, இறுகிப்போன கூனைப் பிறகு நிமிர்த்துவதென்றால், அதன் மேல் இழுபட்டுக் கிடக்கும் தண்டுவடத்தின் ஓரத்திலேயே எலும்பை வெட்ட நேரும். அப்படியே விட்டாலும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கால்கள் செயலிழக்கின்றன.