ஓட்டக்காரர் தேடவேண்டிய பல்கலைக்கழகம்

1984-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பிரேசில் நாட்டு ஜோவாகிம் குரூஸ், அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர். தம் பழைய பயிற்றுநருடனேயே அமெரிக்கா சென்றார். அந்த வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டாது. ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன் பயிற்றுநரைப் பாருங்கள்.

அங்கே இலையுதிர்காலத்தில் குறுக்கோட்டம், குளிர்காலத்தில் உள்ளரங்கப் போட்டி, வசந்தத்தில் திடற்போட்டி. 800 மீட்டர் ஓடுபவரை நெடுந்தூரக் குறுக்கோட்டத்திலும் இறக்குவார்களா என்று கேளுங்கள். உபகாரச் சம்பளம் முழுமையானதா, எத்தனை ஆண்டுக்கு, காலில் அடிபட்டாலும் தொடருமா என்பதை எழுத்தில் பெறுங்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் தருவதில்லை.

கால் ஓய்ந்த பின்னும் கைகொடுப்பது கல்வியே. நீங்கள் விரும்பும் பாடம் இல்லாத இடத்தில், திடல் எவ்வளவு சிறந்ததாயினும், சேராதீர்கள்.